வேர்க்குழாயை எதைக் கொண்டு அடைப்பது?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தனியாகப் பல் மருத்துவம் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தி எனக்கும் மகிழ்ச்சியே. வேர்க்குழாயை அடைக்கும்போது இடைவெளிகளை நிரப்பும் பசையாக, அதாவது சீலராக, நம் காலத்து ஜிங்க் ஆக்சைடு யூஜினாலையே வைத்துக்கொள்வதா, எல்லோரும் புகழும் பயோசெராமிக் சீலருக்கு மாறுவதா என்று அவள் கேட்கிறாள் அல்லவா? எந்தப் பொருளை வாங்கினாலும், பின்னாளில் அதை வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் கேட்கச் சொல்வேன்.

குழாய்க்குள் செருகும் கட்டா பெர்ச்சா குச்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நிலைத்து நிற்பதற்கே, அதை வெளியே எடுக்க முடிவதுதான் காரணம். அந்தக் குச்சியில் மரப்பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதியில் பெரும்பகுதி ஜிங்க் ஆக்சைடு. குழாய்ச் சுவரில் அது தானாக ஒட்டாது என்பதால்தான் சீலர் தேவைப்படுகிறது. ஆனால் சூட்டுக்கும் கரைப்பானுக்கும் இளகி வெளியே வந்துவிடும். அதற்குப் போட்டியாக வந்த வெள்ளிக் குச்சிகள் வளைந்த குழாயிலும் எளிதாக நுழைந்தன என்றாலும், வட்டமான கம்பி நீள்வட்டக் குழாயை நிரப்புமா? அண்மையில் ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து அப்படி ஒன்றை இடுக்கியால் மெல்ல உருவினேன். உடல் முழுதும் கறுத்து, நுனி அரித்துப்போய் வந்தது. சுவரோடு ஒன்றாகப் பிணையும் என்று 2004 வாக்கில் ஆரவாரமாக வந்த ரெசிலான் என்ற செயற்கைக் குச்சியும் சிதைவுக்கு உள்ளாகிச் செல்வாக்கை இழந்தது.

சீலர்களில் யூஜினால் கலவை மலிவானது, கிருமிகளை அடக்குவது, கையாளவும் நிதானம் தருவது. ஆனால் திசு நீரில் மெல்லக் கரையும். வேர்நுனிக்கு வெளியே கசிந்தால் திசுவை உறுத்தும். மேலே வைக்கும் காம்போசிட் என்ற பல் நிற அடைப்பின் இறுகலையும் கெடுக்கும். எபாக்சி ரெசின் வகை மிகக் குறைவாகவே கரையும், மெல்லிய படலமாகப் பரவும். பழைய ஏஎச் 26 இறுகும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிட்டது. பின்வந்த ஏஎச் பிளஸில் அந்தக் குறை பெருமளவு நீங்கியது. அன்றாட வேலைக்கு என் கை இன்றும் இதைத்தான் நாடுகிறது.

பயோசெராமிக் எனப்படும் கால்சியம் சிலிகேட் சீலரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பல்லிலுள்ள ஈரத்தைக் கொண்டே அது இறுகுகிறது; தொடக்கத்தில் கடுமையான காரத்தன்மையால் கிருமிகளை ஒடுக்குகிறது; வெளியே சற்றுக் கசிந்தாலும் திசு பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே நுனி அகன்ற வேர்களில் அது நல்ல துணை. ஆனால் குழாயை எலும்பு போல் வறட்டிவிட்டால் அது சரியாக இறுகாது. இறுகிய பின்போ, கட்டா பெர்ச்சாவை இளக்கும் குளோரோஃபார்ம் அதனிடம் எடுபடுவதில்லை; குச்சி நுனிவரை போகாமல் நின்றிருந்தால், அதற்கு அப்பால் மறுபடி வழி கண்டுபிடிப்பது பெரும்பாடு. அது இருக்கும் தைரியத்தில் நீள்வட்டக் குழாயிலும் ஒற்றைக் குச்சியைச் செருகி, மீதி இடத்தை எல்லாம் சீலரிடமே விட்டுவிடும் பழக்கமும் பரவிவருகிறது. அது எனக்கு உடன்பாடில்லை.

துளை விழுந்த வேருக்கும் அறுவையில் நுனியை அடைக்கவும் எம்டிஏ என்ற சிமென்ட், அல்லது சுமார் 12 நிமிடத்தில் இறுகும் பயோடென்டின் வைத்திருக்கட்டும். பிஸ்மத் ஆக்சைடு கலந்த எம்டிஏவை முன்பற்களில் தவிர்க்கச் சொல், பல் கறுக்கும். பாராஃபார்மால்டிஹைடு கலந்த பசைகளை மட்டும் தொடவே வேண்டாம். கீழ்த்தாடை நரம்பருகே கசிந்தால் உதட்டின் மரப்பு நிரந்தரமாகவும் ஆகலாம்.

இன்னொன்று: உள்ளே எவ்வளவு நன்றாக அடைத்தாலும், மேலே தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டால் எச்சில் இறங்கிவிடும். நிரந்தர அடைப்புக்கோ கிரவுனுக்கோ அன்றே நாள் குறித்து அனுப்பச் சொல். நீ எழுதிய அந்த இரண்டாம் கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரேயை அனுப்பு. வேர் ‘சி’ வடிவமா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் வகுப்புத் தோழன்