பெயர் சொல்லாமல் சென்ற பெரியவருக்கு நன்றி

டெக்சாஸில் ஓர் உதிரிபாகக் கடையின் வாசலில், என் பழைய பிக்கப் டிரக்குக்காக வெயிலில் நின்று உதவிய பெரியவருக்கு இந்த நன்றியைத் தெரிவிக்கிறேன். எரிபொருள் பம்பையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகும், சிக்னலில் வந்து நிற்கும்போதெல்லாம் எஞ்சின் தடுமாறி அணைந்துவிடும். 1996க்கு முந்தைய வண்டி என்பதால் வண்டியின் கணினியிலிருந்து பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனரும் அதற்குப் பொருந்தாது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைவதில்லை என்பதைக் கேட்டறிந்த அவர், எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் மூடியிருக்கையில் அதைச் சுற்றிக் காற்றை அனுப்பும் ஐடில் வால்வு அடைத்திருக்கும் என்று கணித்து, அதைக் கழற்றி, உள்ளே தார் போலப் படிந்திருந்த கரியைக் காட்டினார். பின்னர் ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்து, எஞ்சின் ஓடும்போதே மறுமுனையை எஞ்சினின் உறிஞ்சுவிசையைக் கடத்தும் வேக்கூம் குழாய்களின் மேல் மெல்ல நகர்த்தி, சீறல் கேட்ட இடத்தில் ஒரு விரிசலையும் கண்டுபிடித்தார். புதிய வால்வு வாங்கும் முன் சுத்தம் செய்து பாருங்கள் என்று அவர் சொன்னது, என் பணத்தைத் தம் பணமாக நினைத்ததைக் காட்டியது.

ஐயா, வால்வைத் துடைத்து, விரிசல் விட்ட குழாயையும் மாற்றிவிட்டேன். இப்போது ஏசி ஓடும்போதுகூட வண்டி சிக்னலில் அணைவதில்லை. உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.