மழைக்காலப் பயிற்சி: இடிக்கு நிறுத்துங்கள், தூறலுக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சென்னைத் திடல்களில் சிறுவர் கால்பந்துப் பயிற்சி டிசம்பர் வரை படுத்துவிடுகிறது. தூறலுக்கே பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பெற்றோர் ஒருபுறம். இடி இடிக்கும்போதும் ‘ஓடுடா, அப்போதான் உரம் ஏறும்’ என்று விரட்டும் பயிற்சியாளர்கள் மறுபுறம். இரண்டுமே தவறு, இரண்டாவது ஆபத்தும்கூட.

இடிச் சத்தம் காதில் விழுந்ததுமே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். மரத்தடியும் தகரக் கூரை போட்ட கேலரியும் பாதுகாப்பல்ல. கட்டடத்துக்குள் போக வேண்டும், இல்லையேல் கதவு மூடிய வேனுக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி இறங்கலாம். நடுவில் இன்னொன்று கேட்டால் கணக்கு முதலிலிருந்து.

இடியில்லாத மழையில் ஆடலாம், ஆனால் வழக்கமான பயிற்சி எடுபடாது. தரையோடு தட்டிய பந்து தேங்கிய நீரில் சட்டென்று நின்றுவிடும். பின்னால் ஓடிவரும் பிள்ளை அதன் மேலேயே மிதித்துக் கணுக்காலைப் பிசகிக்கொள்ளும். திடலின் மேட்டுப் பகுதியில் மட்டும் கூம்புகளை வைத்து, ஐந்துக்கு ஐந்தாக ஆடவிடலாம். பந்தைத் தூக்கிக் கொடுக்கவும், நெஞ்சிலும் தொடையிலும் வாங்கி அடக்கவும் பழக இதைவிட நல்ல நாள் கிடைக்காது. 40 நிமிடம் போதும். நனைந்த உடம்போடு நிற்கவைத்து அறிவுரை சொன்னால்தான் குளிரெடுக்கும். பேச வேண்டியதை உள்ளே போய்ப் பேசுங்கள்.

விடியற்காலையில் வானத்தைப் பார்த்து ‘இன்று பிராக்டிஸ் இல்லை’ என்று வாட்ஸ்அப்பில் போடுவதையும் விட வேண்டும். ஆட்சியர் விடுமுறை விட்ட நாள் வேறு. மற்ற நாட்களில் திடலுக்கு வந்த பிறகே முடிவு. வந்து பார்க்கும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு விடாமுயற்சியை வேறெங்கே சொல்லித்தருவது?

மழையைவிட அஞ்ச வேண்டியது தேங்கிய தண்ணீர்தான். எலிச் சிறுநீர் கலந்த நீர் சிராய்ப்பு வழியே புகுந்தால் எலிக்காய்ச்சல் வரும். சாக்கடை கலந்திருந்தால் இறங்கவே கூடாது. மற்றபடி காயத்துக்கு நீர் புகாத பிளாஸ்திரி, ஆட்டம் முடிந்ததும் கால்களுக்குச் சோப்பு, மாற்றுக் காலுறை. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தேங்கிய நீரில் ஆடியதை மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.

ஈர பூட்ஸை அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து (உங்கள் இதழுக்கு இப்படியும் ஒரு பயன்!) மின்விசிறிக்கு அடியில் வைத்து, தாள் நனைய நனைய மாற்ற வேண்டும். அதைப் பிள்ளையே செய்யட்டும்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள்: திடலோர வடிகாலை செப்டம்பரிலேயே தூர்வாருங்கள். பயிற்சி நேரத்தில் உடை மாற்றும் அறையைப் பூட்டி வைக்காதீர்கள். இடி வந்தால் பிள்ளைகள் ஓடி ஒதுங்க அருகில் வேறு கட்டடம் இருப்பதில்லை.

இப்படிக்கு,
சிறுவர் கால்பந்துப் பயிற்சியாளர்கள்,
வியாசர்பாடி, சென்னை