ஓட்டுக்கு வந்தீர்கள், திருவிருந்துக்கு எப்போது?

சேகரத் தலைவரான போதகர் ஐயா அவர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

கோயிலுக்கு வர முடியாத முதியவர்களுக்கு அப்பமும் ரசமும் கொண்டுவந்து வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும் வழக்கம் நம் சபையில் நின்று ஏழு மாதம் ஆகிறது. ஏன் நின்றது என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சபைத் தேர்தலில் எந்த அணி ஜெயித்தது, யார் யார்மேல் வழக்குப் போட்டார்கள் என்ற கதைக்குள் நான் போகவில்லை. கேட்பது ஒன்றுதான்: மாதம் ஒரு முறை அந்த வீடுகளுக்கு வாருங்கள்.

போன முதல் ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு இருப்பவர். "யூடியூபில்தான் போடுகிறோமே" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். சரி என்று போனைத் தலையணைமேல் சாய்த்து வைத்தேன். அம்மா வெள்ளைச் சேலையைச் சுற்றிவிடச் சொல்லி, முக்காடு போட்டுக்கொண்டு, பாவ அறிக்கையிலிருந்து எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அப்பம் கொடுக்கும் நேரம். இடது உள்ளங்கைமேல் வலது கையை வைத்துப் போனுக்கு முன்னால் நீட்டினார். அத்தனை வருஷப் பழக்கம். நடுவில் ஏதோ நகைக்கடை விளம்பரம் ஓடியது. கையை மடியில் போட்டுக்கொண்டு, "அணைச்சிரு" என்றார்.

அந்தச் சபைத் தேர்தலன்று இதே அம்மாவை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினீர்கள். ஓட்டுப்பெட்டி வரை தூக்க நான்கு பேர் கிடைத்தார்கள். அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துவர ஒருவர் போதுமே, ஐயா.

சபைக்கென்று எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி டப்பாவில் தினமும் ஒரு பிடி போடச் சொல்கிறார் அம்மா. என் மனைவியும் போடுகிறாள். டப்பா நிரம்பி வழிகிறது, வாங்க ஆள் வருவதில்லை. அங்கத்தினர் சபைக்குக் கட்டும் சங்கக் காணிக்கை பாக்கி என்றால் மட்டும் சீட்டு வீடு தேடி வந்துவிடுகிறது! சபை கூடிவருதலை விட்டுவிடாதீர்கள் என்று பீடத்திலிருந்து சொல்கிறீர்கள். அம்மா விடவில்லை. சபைதான் அம்மாவை விட்டிருக்கிறது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று தனித்தனியாக இருந்தவர்கள் தென்னிந்தியத் திருச்சபையாக ஒன்றுசேர்ந்தார்கள். அம்மா பிறந்ததும் அந்த வருஷந்தான். அவ்வளவு பெரிய சபைகளே சேர்ந்திருக்கின்றன, நம் கமிட்டியின் இரண்டு அணிகளுக்கு ஒரு மேஜையில் உட்கார்ந்து, எந்த வீட்டுக்கு எந்த நாளில் போவது என்று எழுத முடியவில்லை. முகப்புக்கு மின்விளக்கு போடுவதில் மட்டும் ஒருமனப்பாடு வந்துவிட்டது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் மட்டும் அம்மாவையும் சேர்த்து மூன்று பேர் இப்படிக் காத்திருக்கிறார்கள். வருகிற முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தயவுசெய்து வாருங்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டே படிதான். முந்தின நாள் சொல்லி அனுப்பினால், சேலையைத் துவைத்து வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் சபை அங்கத்தினன்