அந்த 2,160 மணித்தியாலம்: மின்வேலை முதலாளிமாருக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டத்திலும் மின்வேலைக் கொம்பனி நடத்தும் தமிழ் முதலாளிமாருக்கு,

வணக்கம். இது உங்களில் ஒருவருக்கு எழுத வேண்டிய கடிதம். அவருக்கு வட்ஸ்அப்பில் பதினொரு தகவல் அனுப்பிவிட்டேன். பத்துக்கு நீலக் குறி விழுந்தது. பதினோராவதுக்கு அதுவும் விழவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். யாரென்று அவருக்கும் தெரியும், அவரிடம் வேலை செய்த எங்களுக்கும் தெரியும். இதே கதையை இன்னும் மூன்று பெடியன்கள் வேறு வேறு கொம்பனிப் பெயரோடு என்னிடம் சொன்ன பிறகு, இது ஒருவருடைய பழக்கம் மட்டும் இல்லை என்று விளங்கிவிட்டது.

கேட்பது ஒன்றுதான். உங்களிடம் வேலை செய்த அப்ரென்ரிஸ், அதாவது தொழில் பழக வந்தவன், எத்தனை மணித்தியாலம் வேலை செய்தானோ, அத்தனையையும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுங்கள்.

309ஏ, அதாவது ஒன்ராறியோவின் மின்வேலைச் சான்றிதழ், அதை எடுப்பதற்கான கணக்கை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. மொத்தம் 9,000 மணித்தியாலம். அதில் 720 வகுப்பறையில், மிச்சம் 8,280 வேலைத்தலத்தில். வகுப்பை மூன்று தரம், எட்டெட்டுக் கிழமையாகப் போய் முடித்துவிட்டேன். வேலைத்தல மணித்தியாலத்தில் 6,120 கையெழுத்தோடு என் கையில் இருக்கிறது. தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போர்த்துக்கேயர். மற்றவர் எங்கட ஆள்தான், யாழ்ப்பாணத்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வான் வண்டியின் முன் மூடியில் என் மணித்தியாலப் பதிவுப் புத்தகத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சம்பளச் செக்கைத் தருவார். எங்கள் ஆட்களையெல்லாம் ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டுகிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மிச்சம் 2,160. அதாவது 54 கிழமை, கிழமைக்கு 40 மணித்தியாலம். அந்த 54 கிழமையும் உங்களில் ஒருவரோடு.

அந்த வருடத்தை நான் மறக்கவில்லை. ஏஜாக்ஸில் புது வீட்டு வரிசை. ஜன்னல் கூடப் பூட்டாத வீடுகள். மாசி மாதம், சுவரின் மரச்சட்டத்தில் துளை போட்டு வயர் இழுக்கிற வேலை. குளிரில் வயரின் மேல்தோல் விறைத்துப் போய் வளையாது. கையுறை போட்டால் பிடி வராது, கழற்றினால் விரல் வராது. கோடையில் பழைய வீடுகளின் கூரைக்குள் கண்ணாடிப் பஞ்சுக்கு நடுவில் படுத்துக் கிடந்தேன். பேஸ்மென்ற்களில் நான் பூட்டிய மேல்விளக்குகளை எண்ணினால் ஒரு கோயில் திருவிழாவுக்குக் காணும். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. தொழில் அப்படித்தான், பழகத்தான் போனேன், பழகியும் கொண்டேன். மின் பனல் மாற்றுகிற வேலையைப் பொறுமையாகச் சொல்லித் தந்தவரும் அவர்தான். அந்த நன்றி இன்றைக்கும் இருக்கிறது.

ஆனால் சம்பளத் துண்டில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் இருந்தது. மற்ற 20க்கும் காசு, கடித உறைக்குள். "தம்பி, உனக்கும் வரி மிச்சம், எனக்கும் மிச்சம்" என்றார். நானும் வாங்கினேன். அந்த இடத்தில் என் பிழையையும் ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குக் காசு அனுப்ப வேண்டியிருந்தது, வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போனது, கையில் வந்த காசை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் அந்த உறைக்குள் காசு மட்டும் போகவில்லை, என்னுடைய பாதி அப்ரென்ரிஸ் காலமும் சேர்ந்து போனது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருப்பார் என்றுதான் இப்போது படுகிறது.

முதல் அடி வகுப்புக்குப் போனபோது விழுந்தது. எட்டுக் கிழமை சம்பளம் இல்லை, வேலைக் காப்புறுதிக் காசில்தான் வாழ வேண்டும். அது சம்பளத்தில் 55 வீதம். எந்தச் சம்பளத்தில்? துண்டில் இருந்த சம்பளத்தில். ஆக எனக்கு வந்தது பாதியில் 55 வீதம். அந்த எட்டுக் கிழமையும் காலையில் வகுப்பு, இரவில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. ஓமின் விதியை ஆசிரியர் பலகையில் எழுதும்போது என் தலை மேசையில் இருந்திருக்கிறது.

இரண்டாவது அடி இப்போது. "மணித்தியாலக் கடிதம் ஒன்று வேணும் அண்ணை" என்று கேட்டேன். "பாப்பம் தம்பி" என்றார். பிறகு "வேலை முடியட்டும்" என்றார், பிறகு "கணக்காளரைக் கேட்டுச் சொல்றன்". கடைசியில், போன பங்குனியில், ரெலிபோனில் உண்மையைச் சொன்னார்: "1,080தான் எழுதலாம். மிச்சத்தை எழுதினால் வரிக்காரன் என்னைத்தான் பிடிப்பான்."

நான் அதற்குப் பிறகு சம்பளத் துண்டைக் காட்டலாமா, வேலை விட்டபோது தருகிற ஆர்ஓஇ படிவத்தைக் காட்டலாமா என்றெல்லாம் பார்த்தேன். காட்டலாம். காட்டினால் அதுவும் 1,080 என்றுதான் சொல்லும். மிச்ச 1,080 மணித்தியாலத்துக்கும் இந்த உலகத்தில் இரண்டு சாட்சிகள்தான்: ஒன்று, நாள் நாளாக நான் எழுதி வைத்த ஒரு கொப்பி. மற்றது நீங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதை ரெலிபோனில் அவர் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் சான்றிதழ் எடுத்த ஒருவருக்கு ஒரு அப்ரென்ரிஸ் என்பதுதான் சட்டம். ஏஜாக்ஸ் வேலையில் அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார், அவருக்குக் கீழே நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் முழு மணித்தியாலம் எழுதிக் கொடுத்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அதாவது, உங்கள் கணக்கைக் காப்பாற்ற எங்கள் கணக்கைக் குறைக்க வேண்டியிருக்கிறது. சரி, அதையும் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த நாலு பேரையும் கேட்டு எடுத்தது நாங்கள் இல்லையே?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போனேன். பதிவுப் புத்தகத்தை மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். கொம்பனிப் பெயர் போட்ட வான் நிற்கிறது. உள்ளே தொலைக்காட்சிச் சத்தம். அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், கதவைத் திறந்து, "அவர் இல்லைத் தம்பி, கோயிலுக்குப் போட்டார்" என்றார். அக்காவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த வீட்டில் எத்தனை நாள் எனக்குச் சோறு போட்டவர். அக்காவின் கண் என்னைப் பார்க்கவில்லை, நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. திரும்பி நடக்கும்போது மேல்மாடி ஜன்னல் திரை அசைந்தது.

சேர்க்கிறபோது ஸ்பொன்சர், அதாவது என் பயிற்சிக்குப் பொறுப்பான முதலாளி, என்று பதிவதற்கு அரை நிமிடத்தில் கையெழுத்து வைத்தவர் அவர். அந்தப் பதிவு இல்லாமல் என்னை வேலைத்தலத்தில் நிறுத்த முடியாது, அதனால் அவசரம். முடிக்கிறபோது மட்டும் கை வராது. கைக்கு ஏதும் வருத்தமோ என்று கவலைப்பட்டேன். பிறகுதான் கோயில் மண்டபத்தில் உபயகாரர் பட்டியலைப் பார்த்தேன். கை நன்றாகத்தான் இருக்கிறது.

தை மாதம் வந்தால் தமிழ் மரபுத் திங்கள். 2014இல் ஒன்ராறியோ சட்டமன்றம் அதற்கென்று சட்டமே நிறைவேற்றியது, நல்லது, எனக்கும் பெருமைதான். அந்த மேடைகளில் உங்களில் சிலர் பொன்னாடையோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "எங்கட பிள்ளையள் எல்லாரும் கணினிக்கும் மருத்துவத்துக்கும்தான் ஓடினம், கைத்தொழில் படிக்க ஒருத்தரும் வருகினம் இல்லை" என்று கவலைப்படுகிறீர்கள். வந்தோமே ஐயா. வந்த எங்களை மூன்றாம் வருடமும் நாலாம் வருடமும் அதே அப்ரென்ரிஸ் கூலியில் வைத்திருப்பதற்கு இந்தக் கையெழுத்து எவ்வளவு உதவுகிறது என்பதையும் அந்த மேடையில் ஒரு வசனம் சொல்லலாம். என் இப்போதைய முதலாளி, சான்றிதழ் வந்த கிழமையிலிருந்து மணித்தியாலத்துக்கு 12 டொலர் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். 40 மணித்தியாலத்துக்கு 480 டொலர். ஒவ்வொரு "பாப்பம் தம்பி"க்கும் நான் கட்டுகிற விலை, கிழமைக்கு அவ்வளவு.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

இனி வரப்போகிற பிள்ளைகளுக்காக ஒன்று கேட்கிறேன்: கையெழுத்தை வேலையை விடுகிற நாள்வரை தள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை சம்பளத்தோடு பதிவுப் புத்தகத்தையும் வாங்கிப் பாருங்கள். மூன்று நிமிட வேலை. ஒருவன் விலகிப் போனால், அவன் எந்தக் கோபத்தில் போயிருந்தாலும், தொடங்கிய திகதி, முடித்த திகதி, மொத்த மணித்தியாலம், செய்த வேலைகள், இவ்வளவையும் கொம்பனிக் கடிதத்தாளில் எழுதிக் கொடுங்கள். நீங்கள் கொடுப்பது நற்சான்றிதழ் இல்லை. அவன் நல்லவனா கெட்டவனா என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணித்தியாலம் என்றுதான் கேட்கிறார்கள்.

எனக்காகக் கேட்பது 2,160. அதில் 1,080க்கு நீங்கள் பயப்படுவது எனக்கு விளங்குகிறது. என் பங்கு வரியைப் பற்றி ஒரு கணக்காளரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். பழைய வரிக் கணக்கைத் திருத்திக் கொடுக்கலாம் என்றார். கட்ட வேண்டியதை நான் கட்டுகிறேன். உங்கள் பங்கை எப்படிச் சரிசெய்வது என்பதை நீங்கள் உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள், இந்த முறை உண்மையாகவே கேளுங்கள். ஒன்ராறியோ வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்டப்படி, வேலை செய்த மணித்தியாலப் பதிவுகளை நீங்கள் மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். என்னுடைய மூன்று வருடம் வருகிற மார்கழியோடு முடிகிறது. அதற்குப் பிறகு "பதிவெல்லாம் எறிந்தாச்சு" என்று நீங்கள் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. அதுவரை காத்திருக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகம் பிழையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முறைப்பாடு செய்யச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். செய்யவில்லை. செய்தால் என்னோடு இருந்த மற்ற மூன்று பேரின் வேலையும் ஆடிப்போகும், அதில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம். அதனால்தான் இந்த மடல்.

அண்ணை, வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வருகிறேன். கொப்பியையும் கொண்டு வருகிறேன், நீங்களே ஒவ்வொரு நாளாகப் பார்க்கலாம். பிழை இருந்தால் வெட்டுங்கள், வெட்டியதற்குப் பக்கத்தில் நானே ஒப்பம் வைக்கிறேன். கடிதத்தையும் தட்டச்சு செய்தே கொண்டு வருகிறேன். கீழே ஒரு கோடு மட்டும் காலியாக இருக்கும். வான் வாசலில் நின்றால் மணியை ஒரு தரம்தான் அடிப்பேன்.

தயவுசெய்து கதவைத் திறவுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் 54 கிழமை வேலை செய்த அப்ரென்ரிஸ்,
ஸ்காபரோ