கூண்டுக்குப் பூட்டு, பிராணிக்கு அடையாளம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாம்பு, பல்லி, ஆமை விற்கும் எங்கள் கடையில் திருட்டைத் தடுக்கச் சில நடைமுறைகளை மாற்றியிருக்கிறோம். வாசல் பக்கம் இருந்த பால் பைத்தான் (பந்து போலச் சுருளும் மலைப்பாம்பு வகை) குட்டிகளின் பெட்டி அடுக்கு கல்லாவுக்குப் பின்னால் போய்விட்டது. ஹெல்மெட்டையும் முதுகுப் பையையும் கல்லாவில் கொடுத்துவிட்டு உள்ளே வரச் சொல்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு பிராணியைத்தான் வெளியே எடுத்துக் காட்டுகிறோம். "எங்க மேல சந்தேகமா?" என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சந்தேகம் உங்கள் மேல் இல்லை. காரணத்தை விவரமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டில் வளர்ப்பவர்களுக்கும் இதில் பாதி பயன்படும்.

நாய்க்குட்டியைத் திருடினால் குரைக்கும், கிளி கூச்சல் போடும். பால் பைத்தான் குட்டியோ பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும். உள்ளங்கையில் அடங்கும், சட்டைப் பைக்குள் போகும், சத்தமே வராது. சல்கட்டா என்ற ஆப்பிரிக்கத் தரை ஆமையின் குஞ்சும் அப்படித்தான். விலையோ ஆயிரக்கணக்கில். பெரிய பிராணியை யார் தூக்கப் போகிறார்கள் என்றும் இருந்துவிட முடியாது. 2020 நவம்பரில் மாமல்லபுரம் சாலையில் உள்ள சென்னை முதலைப் பண்ணையிலிருந்தே ஓர் அல்டாப்ரா ராட்சத ஆமை காணாமல் போனது. மடகாஸ்கரில் 1996 மே மாதம் அழிவின் விளிம்பில் இருக்கும் பிளவ்ஷேர் ஆமைகள் 75 ஓர் இனப்பெருக்க மையத்திலிருந்து ஒரே இரவில் திருடு போயின. அந்த இன ஆமைகளின் ஓட்டில் இப்போது பெரிதாக எண் செதுக்குகிறார்கள். ஓட்டின் அழகு கெட்டால் வாங்க ஆள் வராது என்பதுதான் கணக்கு. நீங்கள் யாரும் வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆமை ஓட்டுக்கு அடியில் உயிருள்ள எலும்பும் நரம்பும் இருக்கின்றன. ஓட்டில் துளை போட்டுக் கயிறு கட்டுவது கொடுமை.

பண நஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களை அதிகம் உறுத்துவது அந்தப் பிராணி படும் பாடு. பால் பைத்தானுக்குக் கூண்டின் சூடான பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பைக்குள் போட்டு ஏசி அறையில் வைத்தால் தின்றது செரிக்காது. தின்ற இரண்டு நாளுக்குள் கையாண்டாலே கக்கிவிடக்கூடும். தொடர்ந்து குளிர்பட்டால் நுரையீரலில் தொற்று வந்து வாயைத் திறந்தபடி மூச்சுவிடும். லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை அவசரத்தில் வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் கழன்றுவிடும். அதில்தான் அதன் கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது. புதிதாக முளைக்கும் வால் பழையது போல இருக்காது. திருட்டு ஆமையை வாங்கிய ஆள் அது தரை ஆமை என்று தெரியாமல் தண்ணீர்த் தொட்டியில் விடுகிறார். சல்கட்டாவுக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிச் செத்துப்போகும்.

இனி பூட்டுக்கு வருவோம். கண்ணாடிக் கதவு நகரும் கூண்டுகளில் எல்லாரும் போடுவது பல்லுள்ள பட்டை வைத்த ஷோகேஸ் பூட்டு. அதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, மலிவான பூட்டுகளில் பலவற்றுக்கு ஒரே சாவி. சாவி எண் பூட்டின் முகப்பிலேயே பொறித்திருக்கும். அதைப் படித்துப் போனால் வேறு சாவி வாங்கிவிடலாம். எண்ணை அரம் வைத்துத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது ஓட்டையைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கண்ணாடி ஓடும் தடத்தில் மேல் தடம் ஆழம், கீழ்த் தடம் ஆழம் குறைவு. கண்ணாடியை மேலே ஏற்றிக் கீழே இறக்கித்தான் மாட்டுகிறோம். கழற்றுவதும் அப்படியே. பூட்டு பக்கவாட்டில் நகராமல்தான் தடுக்கும். பூட்டியபடியே இரண்டு கண்ணாடியையும் சேர்த்து மேலே தூக்கினால் கையோடு வந்துவிடும். கூண்டைப் பூட்டிவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அழுத்தி மெல்ல மேலே தள்ளிப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். 6 மி.மீ. ஏறினால் 5 மி.மீ. தடிமனில் அக்ரிலிக் பட்டை வெட்டுங்கள். ஒரு கண்ணாடியை ஓரமாகத் தள்ளி, மூடியிருக்கும்போது அது நிற்கும் இடத்தில் காலியாகத் தெரியும் மேல் தடத்துக்குள் பட்டையைச் செருகி, கண்ணாடியை அதன் கீழே கொண்டுவந்து மூடுங்கள். அடுத்த கண்ணாடிக்கும் இதே வேலை. இனி ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும். பட்டையை ஒட்டிவிட வேண்டாம், கழுவும்போது கழற்ற வேண்டியிருக்கும். காற்றுக்கு வைத்த வலையின் திருகாணி வெளிப்பக்கம் இருந்தால் அதையும் உட்பக்கமாக மாற்றுங்கள். கதவைப் பூட்டிவிட்டு வலையைத் திறந்து வைப்பதில் அர்த்தமில்லை.

பட்டப்பகல் திருட்டு பெரும்பாலும் இரண்டு பேர் வேலை. ஒருவர் இகுவானா என்ற பெரிய பல்லியைக் காட்டச் சொல்லிக் கேள்வி மேல் கேள்வி கேட்பார். மற்றவர் பின்பக்கம் போவார். அதனால்தான் பிராணியை உங்கள் கையில் தருமுன் கூண்டைப் பூட்டுகிறோம், அது திரும்ப உள்ளே போகும்வரை அந்த ஊழியர் நகர மாட்டார். கொஞ்சம் காத்திருக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை உயரத்தில் மட்டும் வைத்தால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். வெளியே போகும் வாசலில் முகத்தின் உயரத்துக்கு ஒன்று வேண்டும். கூண்டுக் கண்ணாடிக்கு நேர் எதிரே வைத்தால் இரவில் அகச்சிவப்பு விளக்கு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும், பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். கேமரா பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியைக் கண்ணில் படாத இடத்தில் பூட்டி யூபிஎஸ்ஸில் இணையுங்கள். மெயினை அணைத்துவிட்டு உள்ளே வருபவன் கேமராவோடு ஹீட்டரையும் அணைக்கிறான். வெப்பம் குறைந்தால் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் தெர்மாமீட்டரை யூபிஎஸ்ஸில் வைத்தால் மின்வெட்டுக்கும் திருட்டுக்கும் ஒருசேர உதவும்.

திறக்கும்போதும் மூடும்போதும் நாங்கள் ஒவ்வொரு பிராணியையும் எண்ணுகிறோம். மறைவிடத்தைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் டிக் போடுவோம். எண்ணிக்கை குறைந்தால் முதல் கேள்வி, தப்பியதா, திருடு போனதா? பூட்டு சரியாக இருந்து எங்கோ விரல் அகல இடைவெளி இருந்தால் அநேகமாகத் தப்பியதுதான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், இன்வெர்ட்டர் பக்கம் என்று சூடான மூலைகளைப் பாருங்கள். இரவு சுவரோரமாக மாவைத் தூவி வைத்தால் காலையில் தடம் சொல்லிவிடும்.

அடையாளத்துக்கு, ஊசியால் உடம்புக்குள் செலுத்தும் மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான் இருக்கும், எண் 15 இலக்கம். அதில் ஜிபிஎஸ் கிடையாது, பேட்டரியும் கிடையாது. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால்தான் எண் தெரியும். பாம்புக்குக் கழுத்தின் இடப்பக்கம், பல்லி இனங்களுக்கு இடது தொடை, ஆமைக்கு இடது பின்னங்கால். ஊசி போட்ட துளை உடனே தானாக மூடாது, கால்நடை மருத்துவர் பசை வைத்து மூடுவார். சின்னக் குட்டிக்குச் சிப் வேண்டாம், படம் போதும். பால் பைத்தானின் பக்கவாட்டுக் கோலம் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. தலையை மேலிருந்தும் உடம்பை இரு பக்கமும், ஆமையென்றால் வயிற்றுப் பக்க ஓட்டினையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள். உரித்த சட்டையையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் செதில்களை எண்ணலாம், டிஎன்ஏவும் கிடைக்கும். நன்றாகக் காயவைத்துக் காகித உறையில் தேதி எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் பூஞ்சை பிடித்துவிடும்.

காகிதமும் அடையாளம்தான். பால் பைத்தான், இகுவானா, சல்கட்டா மூன்றும் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 49எம் பிரிவும் 2024 விதிகளும் இவற்றை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. பிராணி கைக்கு வந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும், கை மாறினாலும் குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவில்லாத பிராணி திருடு போனால், அது உங்களுடையது என்று ஸ்டேஷனில் நிரூபிக்கவே திணற வேண்டியிருக்கும்.

பாதி விலைக்கு வாட்ஸ்அப்பில் யாராவது விற்றால் பில், பதிவு எண், சிப் எண் மூன்றையும் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவு உங்கள் மேலும் பாயும். நட்சத்திர ஆமை என்றால் கேள்வியே வேண்டாம், அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். நீங்களும் வீட்டு அடையாளம் தெரியும்படி பிராணியின் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள், "ஒரு வாரம் ஊரில் இல்லை" என்று எழுதவே எழுதாதீர்கள்.

திருடு போய்விட்டால் கண்ணாடியைத் தொடாதீர்கள், கைரேகை இருக்கும். டிவிஆர் பழைய பதிவை அழித்து எழுதுமுன் பிரதி எடுங்கள். போலீசில் புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள், அது இலவசம். வனத்துறைக்கும், ஊர்வன பார்க்கும் மருத்துவர்களுக்கும் சிப் எண்ணைச் சொல்லுங்கள். பொதுவில் படம் போடும்போது ஓர் அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். கிடைத்துவிட்டது என்று பணம் கேட்டு அழைப்பவரிடம் அதைக் கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரைத் தனியாகப் போய்ச் சந்திக்காதீர்கள்.

மீண்டு வரும் பிராணியைப் பழைய கூண்டில் உடனே விடாதீர்கள். உண்ணி இருக்கலாம், தொற்று இருக்கலாம். தனி அறையில், தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு, தரையில் வெள்ளைக் காகிதம் விரித்துக் குறைந்தது 30 நாள் வையுங்கள். பாம்புக்கு முதல் ஒரு வாரம் தீனி வேண்டாம், தண்ணீரும் சூடும் போதும்.

எங்களிடம் வாங்கியதோ வேறிடத்தில் வாங்கியதோ, உங்கள் பிராணியைக் கொண்டுவந்தால் சிப்பை ஸ்கேன் செய்து எண்ணைக் குறித்துக் கொடுக்கிறோம். கட்டணம் இல்லை. துணிப் பையில் போட்டு, காற்றுப் போகும் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் காலையில் வாருங்கள்.

இப்படிக்கு,
கடை ஊழியர்கள்