தலைப்பிரட்டை கொண்டுவர மாட்டேன், கயல்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அங்கே கோடை மழை இரண்டு முறை பெய்ததாகச் சொன்னாய். இங்கே அக்னி நட்சத்திரம் சுட்டெரிக்கிறது. வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது.

ஆடியில் வரும்போது, நீ வீட்டில் புதிதாகக் கட்டியிருக்கும் குளத்தில் விட நம் குட்டையிலிருந்து ஒரு வாளி தலைப்பிரட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தாய். கொண்டுவர மாட்டேன், அம்மா. போனில் சொன்னால் முகம் வாடிப்போய்ப் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழை தொடங்கியதும் நம் வயலில் எலுமிச்சை நிறத்துக்கு மாறி, கன்னத்து நீலப் பைகளை ஊதிக்கொண்டு கத்துமே, அந்தப் பெரிய தவளை அந்தமான் தீவுகளுக்குச் சொந்தமானது அல்ல. வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். இன்று அங்கே பரவிக் கிடக்கிறது. அதன் தலைப்பிரட்டைகளே அந்த ஊர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன. வாளித் தண்ணீரில் நோயும் சேர்ந்து வரும். தவளையின் தோலைத் தாக்கும் ஒரு பூஞ்சை உலகெங்கும் எத்தனையோ இனங்களை அழித்திருக்கிறது. உன் மொட்டை மாடியில் நின்றால் மருதமலை தெரிகிறது. அதற்குப் பின்னால் இருப்பது வேறெங்கும் இல்லாத தவளைகள் வாழும் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் நான் கீழத்தஞ்சைக் குட்டைத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்ட மாட்டேன்.

வடவள்ளியில் தவளைக்குப் பஞ்சமா? போன ஐப்பசியில் உன் வீட்டில் தங்கியிருந்தபோது, பின்புறக் காலிமனையில் விடிய விடியக் கத்தியதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். அவை ஏன் மதிலைத் தாண்டி உன் குளத்துக்கு வரவில்லை என்றுதான் நாம் பார்க்க வேண்டும்.

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டடி நீளம், மூன்றடி ஆழம், நான்கு பக்கமும் செங்குத்தான சிமெண்ட் சுவர், நடுவில் நீரூற்று, இரவெல்லாம் நீல விளக்கு, உள்ளே கப்பி மீன்கள். ஆசையாகக் கட்டியிருக்கிறாய். ஆனால் அந்த மீன்கள் இருக்கும்வரை தவளைக் குடும்பம் அங்கே தழைக்காது. மீன் முட்டையைத் தின்னும். தலைப்பிரட்டை வந்தால் வாலைக் கடித்துக் குதறும். ஊரில் ஏரியும் குளமும் இருக்க, மாட்டுக் குளம்படிப் பள்ளத்திலும் வண்டித்தடத்திலும் தவளை ஏன் முட்டையிடுகிறது என்று சின்ன வயதில் என்னைக் கேட்டாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வற்றிப்போகும் தண்ணீரில் மீன் இருக்காது என்பதுதான் பதில். ஆகவே கோடையில் உன் குளம் வற்றினால் கவலைப்படாதே, குழாயைத் திறந்து நிரப்பாதே. மீன்களை முன்வாசல் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றிவிடு. பேரனுக்கு அங்கேயும் வேடிக்கை பார்க்கலாம்.

கொசுவுக்காகத்தான் மீன் விட்டேன் என்கிறாய். டெங்கு பயம் நியாயமானது, நான் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013-இல் இலங்கை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், சில தவளை இனங்களின் தலைப்பிரட்டைகள் டெங்கு பரப்பும் கொசுவின் முட்டைகளைத் தின்பது தெரியவந்தது. தட்டான்பூச்சியின் இளம்புழுவும் தண்ணீருக்குள் கொசுப்புழுவைத்தான் வேட்டையாடுகிறது. ஆனால் இவை வந்து சேரும்வரை முதல் சில வாரங்கள் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். டீ வடிகட்டியால் தினமும் காலையில் புழுவை அள்ளி வெயிலில் கொட்டு. பூந்தொட்டித் தட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் ஒன்றையும் விட்டுவைக்காதே. டெங்குக் கொசு அதிகம் தேடுவது அவற்றைத்தான்.

அடுத்தது கரை. வால் சுருங்கிக் கால் முளைத்த குட்டித் தவளை உன் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்குச் செவுள் போய் நுரையீரல் வந்திருக்கும். செங்குத்துச் சுவரில் ஏற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி நீந்தி மூழ்கிச் செத்துப்போகும். ஒரு பக்கச் சுவரை உடைக்க மனமில்லையென்றால், அந்தப் பக்கம் கருங்கல்லும் மண்ணும் போட்டுக் கரைவரை சரிவாக ஏற்று. அடியிலும் அரையடி மண் போடு. ஆழம் குறைவது பேரனுக்கும் நல்லது. சரிவில் கோரையும் சேம்பும் நட்டுவிடு. சொறித்தவளைக்கு முட்டைச் சரத்தைச் சுற்றிவிட ஏதாவது தண்டு வேண்டும். கறுப்பு மணி கோத்த கண்ணாடிக் கயிறுபோல நீளமாகக் கிடக்கும், பார்த்தால் தெரிந்துகொள்வாய். எதையோ என்று இழுத்துப் போட்டுவிடாதே.

நான் அப்படித்தான் ஒருமுறை செய்தேன். நீ இரண்டாம் வகுப்பு படித்த ஆண்டு, ஐப்பசி அடைமழை விட்ட காலை. கிணற்றடித் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, கைப்பிடி அளவு வெள்ளை நுரை ஒட்டிக்கொண்டிருந்தது. துணி துவைத்த சோப்பு நுரை என்று எண்ணி விளக்குமாற்றால் தள்ளித் தேய்த்துக் கழுவிவிட்டேன். மறுநாள் அதே இடத்துக்குச் சற்றுத் தள்ளி இன்னொன்று இருந்தது. அருகிலேயே, வயிறு ஒட்டிப்போன ஒரு தேரை, சுவரிலும் மரத்திலும் ஏறுமே அந்தத் தவளைதான், சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. பெண் தேரை பின்னங்கால்களால் மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். இரண்டாவதை விட்டுவைத்தோம். இரண்டு நாளில் மேற்புறம் காய்ந்து அப்பளம்போல ஆயிற்று. உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் அடிப்புறம் இளகிச் சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஒவ்வொரு சொட்டிலும் ஒரு வால் துடித்தது. சொட்டு தண்ணீரைத் தொட்டதும் அந்த வால் நீந்திப் போயிற்று. நீ சீருடையோடு தொட்டியருகே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாய். அன்று பள்ளிக்கு அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. முதல் நுரையில் எத்தனை உயிர் போயிற்றோ என்ற நினைப்பு இன்றும் எனக்கு உண்டு.

அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் மேல் சாய்ந்த மாதிரி அகல இலைச் செடி ஒன்று இருக்கட்டும். குளியலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தேரையைச் சம்பந்தி அம்மா துடைப்பத்தால் விரட்டுவதாகச் சொன்னாய். உன் குளத்துக்கு முதலில் குடிவரப் போவது அதுதான் என்று பக்குவமாக எடுத்துச் சொல். தேரை விழுந்தால் தேங்காய் கெட்டுவிடும் என்று அவர் பயப்படுகிறார் போலிருக்கிறது. நம் பக்கத்திலும் அப்படித்தான் சொல்வார்கள். ஒல்லிக்காய் காய்ப்பது மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காததாலும் மரத்துக்குச் சத்துப் போதாததாலும்தான். நம் தோப்பில் உரம் வைத்துச் சரிசெய்தேன் என்று சொன்னால் நம்புவார்.

மருந்து அடிப்பதை அடியோடு நிறுத்திவிடு. ரோஜாவுக்கு, எறும்புக்கு, புல்தரைக்கு என்று எதற்கும் வேண்டாம். தவளை தோலாலும் மூச்சுவிடும் பிராணி, தோல் வழியாகத்தான் தண்ணீரையும் உறிஞ்சும். தண்ணீரில் இருப்பது அத்தனையும் அதன் உடம்புக்குள் போகும். எண்பதுகளில் எல்லோரையும்போல நானும் குருணை மருந்து தூவினேன். மறுநாள் வரப்போரம் வெள்ளை வயிறு தெரிய அவை மல்லாந்து கிடந்ததைப் பார்த்தேன். அதே காலத்தில்தான் பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்குமாக ஆட்கள் இரவில் வயலில் இறங்கித் தவளை பிடித்தார்கள், காலை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்ப. 1987-இல் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதற்கு முன்பெல்லாம் மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்ததைத் தவளைச் சத்தம்தான் எங்களுக்குச் சொல்லும். அந்தக் காலத்துச் சத்தம் முழுதாகத் திரும்பவில்லை. மருந்தை விட்டபிறகு நம் வயலில் கொஞ்சம் வந்திருக்கிறது.

பாம்பு வருமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். வரலாம். தவளையைத் தேடித் தண்ணீர்ப்பாம்பும் சாரையும் வரும், அவற்றுக்கு விஷமில்லை. நல்லபாம்பும் தவளை தின்னும் என்பதை மறைக்க மாட்டேன். குளத்துக்கும் வாசலுக்கும் நடுவே தரை வெறிச்சென்று இருக்கட்டும். கல்குவியலும் விறகும் வீட்டுச் சுவரோரம் வேண்டாம், எதிர்மூலைக்குக் கொண்டுபோய்விடு. இரவில் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். குளத்தைச் சுற்றி இடுப்பளவு கம்பி வேலி போட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் வை; பேரனுக்கு மூன்று வயதுதான் ஆகிறது. வேலியின் அடியில் நான்கு விரல் இடைவெளி விட்டால் தவளை போய்வரப் போதும்.

நீரூற்றையும் நீல விளக்கையும் நிறுத்திவிடு. பாசி படிந்தால் தேய்க்காதே. தலைப்பிரட்டைக்கு அதுதான் சோறு. விழுந்த இலையில் பாதியை விட்டுவை. முட்டையிலிருந்து தவளையாக ஒன்றரை இரண்டு மாதம் பிடிக்கும், அதுவரை குளத்தைக் கலைக்காதே. இந்த மழைக்கே வராவிட்டால் ஐப்பசி மழை இருக்கிறது. உனக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது, எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அம்மா அப்பளமும் வற்றலும் கட்டி வைத்திருக்கிறாள். ஆடி மூன்றாம் வெள்ளிக்கு முன்பு வந்துவிடுவேன். சரிவுக்குக் கல் அடுக்குவதை எனக்காக நிறுத்தி வைக்காதே, மழை எனக்காகக் காத்திருக்காது.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: புது சிமெண்ட் என்பதால் சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கும். நிரப்பி ஒரு வாரம் ஊறவிட்டு வடித்துவிடு. மூன்று முறையாவது செய். வடிக்கும் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு விடாதே. கடைசியில் மாடி மழைத்தண்ணீரால் நிரப்பு. சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம்தான், ஆனால் குழாயில் குளோரினோடு வருகிறது. வேறு வழியில்லாமல் அதை ஊற்றினால், திறந்த பீப்பாயில் இரண்டு நாள் வெயில் படவைத்துவிட்டு ஊற்று.