அடுத்த மாதம் முதல் பில்லோடு ஒரு தாள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வருகிற மாதத்திலிருந்து எங்கள் கிளிநொச்சிக் கடையில் பில்லோடு ஒரு தாளும் தருவோம். இரண்டு பக்கம், போட்டோக்கொப்பி, காசு இல்லை. நாங்கள் விற்கிற கேம்களைப் பற்றிக் கடைக்கு வருகிற பிள்ளைகளே அதில் எழுதுவார்கள். யூடியூப்பில் எல்லாம் கிடக்கிறபோது பேப்பர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். இன்னும் சிலர் நேராகவே கேட்டார்கள்: விற்கிறவனே விமர்சனமும் போட்டால் யார் நம்புவது? நியாயமான கேள்வி, ஆனால் புதுக் கேள்வி இல்லை.

பின்சுவரோடு அடுக்கியிருக்கிற பழைய ஆங்கிலக் கேம் சஞ்சிகைகளைப் பார்த்திருப்பீர்கள். லீவுக்கு லண்டனிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போனவை. அவற்றுக்குப் பின்னால் ஒரு கடைக் கதை இருக்கிறது.

இங்கிலாந்தில் லட்லோ என்று ஒரு சின்னச் சந்தை ஊர். 1983 இல் ரொஜர் கீன், ஒலிவர் ஃப்ரே, அவருடைய சகோதரர் ஃபிராங்கோ ஃப்ரே மூவரும் அங்கிருந்து தபாலில் கேம் விற்கத் தொடங்கினார்கள், ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கொம்பியூட்டருக்குக் கசெற்றில் வருகிற கேம்கள். அந்தக் கடையின் விலைப்பட்டியல்தான் 1984 தொடக்கத்தில் கிராஷ் என்ற மாத சஞ்சிகையானது. அட்டைப்படம் ஒலிவர் ஃப்ரே கீறுவார். விமர்சனத்துக்குப் பெரிய எழுத்தாளர் எவரையும் தேடாமல் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விளையாட விட்டார்கள். ஒரு கேமுக்கு மூன்று பேரின் கருத்து தனித்தனியாக வரும், ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்காமலும் இருக்கும், கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு புள்ளி. அடுத்த வருடம் கொமடோர் 64 என்ற இன்னொரு வீட்டுக் கொம்பியூட்டர் வைத்திருந்தவர்களுக்கு ஸாப்!64 என்ற சஞ்சிகை வந்தது. அதில் எழுதிப் பேர் எடுத்த ஜூலியன் றிக்னலும் கேம் போட்டிகளில் வென்று வந்த பெடியன்தான். (கிராஷில் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதிய லொயிட் மங்ரம் என்று ஒரு ஆளே கிடையாது, கற்பனைப் பெயர். எங்கள் தாளில் கவுண்டரில் இருக்கிற அக்காதான் பதில் எழுதுவா, அவ நிஜம்.)

அமெரிக்காவின் கேம் இன்ஃபோமர் சஞ்சிகையும் 1991 இல் ஃபங்கோலாண்ட் என்ற கேம் கடையின் மடலாகத் தொடங்கியதுதான். பிறகு கேம்ஸ்டொப் என்ற கடைக் கொம்பனியின் கைக்குப் போய், 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு, அடுத்த வருடம் வேறொரு நிறுவனம் வாங்கித் திரும்ப வந்தது. 1988 இல் வந்த நின்டெண்டோ பவர் இன்னும் ஒரு படி மேலே, கேம் செய்கிற கொம்பனியே போட்ட சஞ்சிகை. அதைக் கேம் வரைபடத்துக்கும் ரகசிய வழிக்கும் வாங்கினார்கள், தன் கேமைத் தானே திட்டும் என்று யாரும் வாங்கவில்லை.

அச்சில் வந்தால் நம்புகிற காலம் அது. 1992 ஏப்ரலில் எலக்ட்ரோனிக் கேமிங் மந்த்லி என்ற சஞ்சிகை, ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டில் ஷெங் லொங் என்று ஒரு மறைந்த வீரன் இருக்கிறான் என்று முட்டாள்தினப் பகிடியாக எழுத, நெட்டில் தேடிப் பார்க்க வழியில்லாத பெடியள் அவனைக் காணக் காசு காசாகப் போட்டு விளையாடினார்கள். இங்கே அந்த வருடங்களில் யுத்தம், பற்றரி கொண்டுவரவே தடை, சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டோம், ஆகவே அந்தப் பகிடி எங்களை எட்டவில்லை.

சரி, எங்கள் முறை. இங்கிலாந்தின் எட்ஜ் சஞ்சிகையில் விமர்சனத்துக்குக் கீழே பெயரே வராது. ஜப்பானின் ஃபமிட்சு சஞ்சிகையில் நாலு பேர் ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடுவார்கள், 1998 இல் செல்டா வரிசையில் வந்த ஒக்கரினா ஒஃப் டைம் என்ற கேம்தான் முதலில் நாற்பதுக்கு நாற்பது வாங்கியது. நாங்கள் கிராஷ் வழியையே எடுக்கிறோம்: மூன்று பிள்ளைகள், ஆனால் கீழே முதற்பெயர் வரும், புள்ளி வராது. எந்தக் கேம் என்பதை அவர்களே தெரிவுசெய்வார்கள். நாங்கள் எழுத்துப்பிழை மட்டும் திருத்துவோம். கூடாது என்று எழுதினால் அந்தத் தாளை அந்தக் கேமுக்குப் பக்கத்திலேயே ஒட்டுவோம். விற்பனை கொஞ்சம் குறையும், குறையட்டும், வாங்கின மறுநாளே சீடியைத் திருப்பிக் கொண்டுவருகிறவரோடு மல்லுக்கட்டுவதைவிட அது சுகம்.

யூடியூப்காரருக்கும் ஒரு பதில். அரை மணித்தியால வீடியோவுக்கு டேட்டா செலவழித்தும், நாலு ஜீபி றாம் உள்ள, கிராபிக்ஸ் கார்ட் இல்லாத உங்கள் வீட்டுப் பழைய கொம்பியூட்டரில் அந்தக் கேம் ஓடுமா என்று அவர்கள் சொல்வதில்லை. எங்கள் தாளில் முதல் வரியே அதுதான்.

எழுத விருப்பமான பிள்ளைகள் எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் இருந்தால், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் கொப்பித் தாளில் தமிழில் எழுதி, சனிக்கிழமை பின்னேரம் ரியூசன் முடிந்து வரும்போது கவுண்டரில் கொடுக்கலாம். அச்சில் வந்தால் அடுத்த கேமில் விலைக் கழிவு உண்டு, நல்லதாக எழுதினாலும் திட்டி எழுதினாலும் ஒரே கழிவு. ஓ.எல் சோதனை எழுதுகிற வருடத்துப் பிள்ளைகளிடம் மட்டும் வாங்கமாட்டோம், அம்மாமார் கடைக்குச் சண்டைக்கு வரவேண்டாம்.

இப்படிக்கு,
கடையிலிருந்து